பழுப்பு டயல்

உக்காருங்க. இந்த சோபாவுல ரெண்டு பேர் தாராளமா இருக்கலாம், நான் ஒதுங்கிக்கிடுதேன். உங்க டோக்கன் நம்பர் என்ன? நாப்பத்தொண்ணா. எனக்கு முப்பத்தாறு. இப்பதான் முப்பத்திரெண்டு கூப்பிட்டிருக்காங்க. ஊர்லயே நேரத்தப் பத்திக் கவலை இல்லாத ஆளு வாட்ச் கடைக்காரன்தான்.

என்ன வேலையா வந்தீங்க? பேட்டரியா. சரி, காட்டுங்க பாப்போம். ம். பரவாயில்ல, ஆபீஸ் போறவங்களுக்கு இது போதும். தப்பா எடுத்துக்கிடாதீங்க, நான் மனசுல பட்டதச் சொல்லிருவேன். இதுக்கு பேட்டரி மாத்த கம்பெனி சர்வீஸ் சென்டர் வரைக்கும் வரணும்னு இல்ல. வெளிய பஸ் ஸ்டாப் பக்கத்துல குடைய விரிச்சு ஒருத்தன் உக்காந்திருக்கான், அஞ்சு நிமிஷத்துல போட்டுத் தருவான். சரி, வந்தது வந்துட்டீங்க.

என் பேரு ரெமிஜியுஸ். ஊரு தூத்துக்குடி. முப்பத்தினாலு வருஷம் ஒரே கப்பல் ஏஜென்சியில இருந்தேன். கிளார்க்கா சேந்து மேனேஜரா வெளிய வந்தேன். கப்பல் ஏஜென்சின்னா என்னன்னு தெரியுமா? தெரியாது. மெட்ராஸ்காரங்களுக்குக் கடல்னா சுண்டல் திங்குத இடம். ஒரு கப்பல் துறைமுகத்துக்கு வந்துட்டா அதுக்குத் தண்ணி, டீசல், காய்கறி, டாக்டர், கஸ்டம்ஸ் கடுதாசி எல்லாம் நாங்கதான் பாக்கணும். கேப்டன் கப்பல விட்டு எறங்கினா என் மேசைக்கு முன்னால வந்துதான் உக்காரணும். கையெழுத்துப் போடுவான். அவன் போடும்போது நான் கடுதாசியப் பாக்க மாட்டேன். மணிக்கட்டப் பாப்பேன்.

அங்க புடிச்சதுதான் இந்த ஆசை. நார்வேக்காரன், கிரேக்கன், ஜெர்மன்காரன், எவன் வந்தாலும் கையில டைவ் வாட்ச் இருக்கும். தடியா, கனமா, கண்ணாடியச் சுத்திப் பல்லு வச்ச ஒரு வளையம். அந்த வளையத்தத் திருப்பி முள்ளுக்கு நேரா வச்சிட்டுத் தண்ணிக்குள்ள முங்கினா, கீழ போயி எத்தன நிமிஷம் ஆச்சுன்னு ஒரு பார்வையில தெரிஞ்சிரும். நம்ம ஊரு ஆளுங்க கையில என்ன இருக்கும்? கல்யாணத்துக்கு மாமனார் போட்ட தங்கமுலாம் வாட்ச். அதையும் தொளதொளன்னு விட்டு, பேசும்போது ஆட்டி ஆட்டி மேல ஏத்துவான். எனக்குப் பாக்கவே சகிக்காது.

நான் ரிட்டயர் ஆன அன்னைக்கு ஆபீஸ்ல என்ன குடுத்தாங்கங்கீங்க? சுவர்க் கடிகாரம். கண்ணாடிக்குள்ள ரெண்டு பிளாஸ்டிக் அன்னம் தலையாட்டிக்கிட்டே இருக்கும். முப்பத்தினாலு வருஷம் கூட இருந்து ஒருத்தனுக்கும் என்னையத் தெரியல. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், எனக்கு வேண்டியத நானே வாங்கிக்கிடுதேன்னு.

நீச்சலா? தெரியாது. முழங்காலுக்கு மேல கடல் என்னையத் தொட்டது கெடையாது. ஏன் சிரிக்கீங்க? கார் வாங்குதவன் எல்லாம் ரேசுக்கா போறான்?

ஆனா என்ன வாட்ச்? அதுதான் விசயம். புதுசா, பழசா. போன நவம்பர்ல ஆரம்பிச்சு ஈஸ்டர் வரைக்கும் எனக்கு அதே யோசனைதான். என் வீட்டுக்காரி ஜெசிந்தா சொல்லுதா, "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப கால் மணி நேரந்தான் இருந்தீங்க, காப்பி கூடக் குடிச்சு முடிக்கல. ஒரு வாட்சுக்கு அஞ்சு மாசமா"ன்னு. அவளுக்கு என்ன தெரியும். பொண்ணு வீட்டப் பத்தி எல்லாரும் விசாரிச்சுச் சொல்லிருவாங்க. வாட்சப் பத்தி யாரு சொல்லுவா?

புதுச முதல்ல பாத்தேன். இங்கதான், இதே ரோட்டுல மேல இருக்கே, அந்த ஷோரூம். டை கட்டின ஒருத்தன் வெள்ளைக் கையுறை போட்டுக்கிட்டு எடுத்து வைக்கான், ஏதோ ஆஸ்பத்திரியில பிள்ளையக் கையில வாங்குத மாதிரி. "சார் டைவிங் பண்ணுவீங்களா"ன்னான். "நீ பண்ணுவியா"ன்னேன். "இல்ல சார்." "அப்ப ரெண்டு பேரும் சமம், வாட்ச எடு"ன்னேன். எடுத்து வச்சான்.

நல்ல வாட்ச்தான், ஒத்துக்கிடுதேன். முந்நூறு மீட்டர் ஆழம் தாங்கும். இருட்டுல பச்சையா எரியும். அஞ்சு வருஷம் கம்பெனி கேரண்டி. ஆனா என்ன, காசு வச்சிருக்க எவனும் நாளைக்கு வந்து அதையே வாங்கிட்டுப் போகலாம். ரியல் எஸ்டேட்காரன் கட்டுவான். அவன் மச்சினன் கட்டுவான். அவங்க கூட நானும் ஒருத்தனா?

பழசுன்னா அப்படி இல்ல. கம்ப்யூட்டர்ல அதுக்குன்னு ஒரு குழு இருக்கு, உலகம் பூராவும் ஆளு. எழுபதுகள்ல வந்த வாட்சுங்களுக்கு அங்க உயிரையே குடுப்பாங்க. நாள்பட நாள்பட கருப்பு டயல் வெளுத்துப் பழுப்பாகும் பாருங்க, டீ டிக்காஷன் நெறத்துல, அப்படி ஒண்ணு வந்துட்டா அவ்வளவுதான், ஒருத்தனுக்கும் தூக்கம் வராது. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது, அதான். அந்தக் குழுவுல இருக்கவங்களும் பெரிய ஆளுங்கன்னு நெனச்சிராதீங்க. கோயம்புத்தூர் பல் டாக்டர் ஒருத்தர், நாள் முழுக்க அதுலயே கெடக்கார். எவன் பல்லப் பாக்குதாரோ. சிங்கப்பூர்ல ஒருத்தன், பதினேழு வாட்ச் வச்சிருக்கான், கை ரெண்டுதான்.

பழசு வாங்கவும் இங்க வந்து அலைஞ்சேன். மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால ஒரு சந்துல மாடியில ஒருத்தன். "ஒரிஜினல் சார், கேப்டன் வீட்லேருந்து வந்துது"ங்கான். பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தா டயல்ல பெயின்ட் அடிச்சிருக்கான், எழுத்து கோணலா இருக்கு. எந்தக் கேப்டன், கேரம்போர்டு கேப்டனா. எந்திரிச்சு வந்துட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஈஸ்டர் வந்துது.

ஈஸ்டருக்குச் சகலை வீட்ல சாப்பாடு. ஜெசிந்தாவோட தங்கச்சி சலேத், அவ புருஷன் இன்னாசி. நான் கப்பல் ஏஜென்சியில நாற்காலியில உக்காந்து சம்பாதிச்சேன், அவன் கப்பலுக்கு அடியில முங்கிச் சம்பாதிச்சான். முங்காளி. கப்பலோட அடிப்பக்கம் பாசி சுரண்டுதது, தண்ணிக்கு அடியில வெல்டிங் வைக்குதது, காணாமப் போனதத் தேடி எடுக்குதது. எங்க ஏஜென்சியிலேருந்து நான்தான் அவனுக்கும் அவன் அண்ணன் தொபியாசுக்கும் வேலை குடுப்பேன். இப்ப முங்குததெல்லாம் கெடையாது. இடது காலு இழுத்துக்கிட்டு நடப்பான். போட்டுங்களுக்கு இன்ஜின் பாத்துக்கிட்டு இருக்கான், கையெல்லாம் கிரீஸ். அந்தக் கையோடயே வந்து நம்ம கையப் புடிப்பான்.

நான் அடுப்படிக்குத் தண்ணி குடிக்கப் போனேன். சலேத் புட்டு அவிச்சுக்கிட்டு நிக்கா. அடுப்புக்குப் பக்கத்துல ஒரு ஆணி. அந்த ஆணியில ஒரு வாட்ச் தொங்குது. அவ ஈரக்கைய முந்தானையில துடைச்சிட்டு அந்த வளையத்தத் திருப்பி வச்சா. "பத்து நிமிஷம் அத்தான், ஆயிரும், உக்காருங்க"ன்னா.

அது என்ன வாட்சுங்கீங்க? எழுபத்திமூணோ எழுபத்திநாலோ வந்த ஸ்விஸ் வாட்ச். நான் அஞ்சு மாசமாப் படத்துல பாத்துக்கிட்டு இருக்கேனே, அதேதான். டயல் பூராவும் பழுப்பு. ஓரத்துல கருப்பு, நடுவுல போகப் போக டீ நெறம். பல் டாக்டர் பாத்தா மயங்கி விழுந்திருப்பார். இந்தப் பொம்பளை அதுல புட்டுக்கு நேரம் பாக்கா. கண்ணாடியில தேங்காய்ப்பூ ஒட்டிக்கிட்டு இருக்கு.

வெளிய வந்து இன்னாசிகிட்ட நைசாக் கேட்டேன், "அது ஏது அந்த வாட்ச்?"

"அதா அண்ணாச்சி. தொண்ணூத்தொண்ணுல ஒரு நார்வே இன்ஜினியர் குடுத்தாரு. புரொப்பல்லர்ல சுத்தின வலைய நானும் அண்ணனும் அறுத்து எடுத்தோம்ல, அந்தக் கப்பல்."

"எனக்குக் குடேன். உனக்கு எதுக்கு? வேணும்னா புதுசா ஒண்ணு வாங்கித் தாரேன்."

அவன் தட்டப் பாத்துக்கிட்டே சொன்னான், "அது வேண்டாம் அண்ணாச்சி. நீங்க புதுசே வாங்கிக்கிடுங்க."

என்ன அர்த்தம் அதுக்கு? விலைய ஏத்துதான்னு நெனச்சேன். இவனுங்க அப்படித்தான், நமக்கு ஒண்ணு வேணும்னு தெரிஞ்சிட்டாப் போதும்.

ஒரு வாரம் விட்டேன். அவன் கடலுக்குப் பக்கத்துல வேலைக்குப் போன நேரம் பாத்துப் போனேன். போகும்போது சலேத்துக்கு ஒரு கிச்சன் டைமர் வாங்கிட்டுப் போனேன். தக்காளி மாதிரி செவப்பா இருக்கும், திருப்பி வச்சா மணி அடிக்கும். "இந்தாம்மா, இது உனக்கு. ஆவியில அந்த வாட்ச் கெட்டுப் போவுது, நான் எடுத்துட்டுப் போயி சரி பண்ணி வச்சுக்கிடுதேன்"னேன். அவ கொஞ்சம் யோசிச்சா. "அவருகிட்டக் கேக்கணுமே அத்தான்"னா. "நான் ஈஸ்டர் அன்னைக்கே பேசிட்டேன்"னேன். பேசினேன்ல? அதுல பொய் என்ன இருக்கு. ஆணியிலேருந்து எடுத்துக் குடுத்துட்டா.

மறுநாள் காலையில இன்னாசி வீட்டுக்கு வந்துட்டான். சண்டைக்கு வருதான்னுதான் நெனச்சேன். வாசல்ல செருப்பக் கழட்டிட்டு, உள்ள வந்து, நாற்காலி நுனியில உக்காந்தான். ஜெசிந்தா பூசைக்குப் போயிருந்தா.

"வாட்ச் இங்க இருக்காமே அண்ணாச்சி."

"சலேத் குடுத்தா."

"சரி, வச்சுக்கிடுங்க. ஒண்ணு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். அதக் கட்டிக்கிட்டுத் தண்ணியில மட்டும் எறங்கிராதீங்க. யாருக்காவது குடுத்தாலும் சொல்லிக் குடுங்க."

"ஏன், அதுக்கு என்ன?"

அப்பதான் சொன்னான். அவன் பேச்சு எப்பவும் அப்படித்தான், வலிச்சு வலிச்சு வரும், நடுவுல நமக்குப் பொறுமை போயிரும். தொண்ணூத்தெட்டுல ஒரு கப்பல் வெளிய ஆழத்துல நங்கூரத்தச் சங்கிலியோட விட்டுட்டுது. அத எடுக்கணும். பதினெட்டு பாகம் ஆழம். பாகம்னா ஆறு அடி, நீங்களே பெருக்கிக்கிடுங்க. அந்த ஆழத்துல இருபது நிமிஷத்துக்கு மேல இருந்தா ரத்தத்துல காத்து கலந்துரும். அதுக்கு மேல இருந்துட்டா மெதுவா நின்னு நின்னுதான் ஏறணும், நேரா ஏறினா ஆளு காலி. இன்னாசியும் தொபியாசும் எறங்கினாங்க. மேல போட்டுல இருந்தவன் காத்து மெஷினப் பாத்துக்கிட்டான். நேரம் பாக்குதது கீழ இருக்கவன் பாடு. தொபியாஸ் கையில வாட்ச் கெடையாது. இன்னாசி கையில இது.

"கீழ கலங்கல் அண்ணாச்சி. ஒரு தடவ பாத்தேன், பன்னெண்டு நிமிஷம். கம்பிய மாட்டிட்டுத் திரும்பப் பாத்தேன், பதினாலு. நின்னு நின்னு ஓடிருக்கு. அந்த ஆழத்துல மூளை மந்தமா இருக்கும், நமக்குத் தெரியாது. அண்ணன் ரெண்டு தடவ கையால கேட்டாரு, போவமான்னு. நான்தான் இன்னும் நேரம் இருக்குன்னு காட்டினேன்."

மேல வந்து பாத்தா நாப்பது நிமிஷத்துக்கு மேல ஆயிருக்கு. கண்ணாடிக்கு உள்ள தண்ணி. தொபியாஸ் போட்டுலயே போயிட்டான், கரை வந்து சேரல. இவனுக்குக் காலு அன்னைக்கு இழுத்ததுதான். அந்தப் பழுப்பு இருக்கு பாருங்க, அது வெயில்ல வந்தது இல்லயாம். கடல் தண்ணி குடிச்ச பழுப்பு.

"அப்புறம் எதுக்குப்பா அத வச்சிருந்த"ன்னேன்.

"நானே பிரிச்சுத் துடைச்சு ஓட்டினேன். பெட்டியில வச்சா நின்னுருது. சலேத் அடுப்படியில மாட்டிக்கிட்டா. தினமும் யாராவது பாக்காங்க, சாவி குடுக்காங்க, அது போதும்னு விட்டுட்டேன்."

இதுல கடைசியா ஒண்ணு சொன்னான். "அந்த வேலைக்கு ரெண்டு வாரம் முந்திதான் சீல் மாத்தக் குடுத்திருந்தேன்"னான். யாருகிட்டக் குடுத்தான்னு சொல்லல. என் மொகத்தப் பாத்தான். அப்புறம் எந்திரிச்சுப் போயிட்டான்.

என்கிட்டதான் குடுத்தான். அதுல என்ன ஒளிவு மறைவு. உள்ள தண்ணி போகாம ரப்பர் வளையம் இருக்கும்ல, அதத்தான் சீலுங்காங்க. நாள்பட்டா காஞ்சு வெடிக்கும், புதுசு போடணும். "மெட்ராஸ்ல கம்பெனிக்கு அனுப்பி மாத்தி வாங்கித் தாங்க அண்ணாச்சி"ன்னு ஆபீஸ்ல வந்து குடுத்தான். மெட்ராஸ் அனுப்பினா ஒரு மாசம். அங்க கப்பல் காத்துக்கிட்டு நிக்குது, நாளொண்ணுக்கு ஆகுத செலவு எங்க தலையில விடியுது. மார்க்கெட்ல ஒரு வாட்ச் கடை இருந்துது. அவன்கிட்டக் குடுத்தேன். துடைச்சு, மூடி, பளபளன்னு குடுத்தான். அவனும் ரப்பர் நல்லாத்தான் இருக்குன்னான். அவன் தொழில் அது, எனக்கு என்ன தெரியும். நானா பிரிச்சுப் பாக்க முடியும்? நீங்க சொல்லுங்க. ஒரு முங்காளி, தொழில் தெரிஞ்சவன், எறங்குததுக்கு முந்தி ஒரு வாளித் தண்ணியில போட்டுப் பாத்திருக்க வேண்டாமா? மேல போட்டுல இருந்தவன் கயித்தப் புடிச்சு இழுத்திருக்க வேண்டாமா? எத்தன பேர் இருந்தாங்க அதுல.

சரி, விசயத்துக்கு வாரேன். இன்னாசி போனதும் எனக்கு ஒண்ணு தோணிச்சு. வாட்ச் கெடைச்சதோட இல்லாம கதையோட கெடைச்சிருக்கு. குழுவுல கதை இருக்க வாட்சுக்குத் தனி மரியாதை. உக்காந்து இங்கிலீஷ்ல எழுதினேன். முத்துக்குளி நடந்த கடல், ரெண்டு சகோதரர்கள், ஆழத்துல நின்ன முள்ளுன்னு. ஏஜென்சியில முப்பத்தினாலு வருஷம் லெட்டர் எழுதின கை, சும்மா விடுமா? சீல் சமாசாரம் போடல, அது தேவையில்லாத விவரம். ரெண்டே நாள்ல முந்நூறு பேர் பாத்துட்டாங்க. பல் டாக்டர் அழுதுட்டேன்னு எழுதினார். சிங்கப்பூர்க்காரன் என்ன விலைன்னாலும் சொல்லுங்கங்கான். ஒண்ணு மட்டும் கேட்டான். முங்குன ஆள்கிட்டேருந்து கையெழுத்துப் போட்ட ஒரு கடுதாசியும், செத்தவரோட போட்டோவும் இருந்தா ரொம்ப நல்லதுன்னான். விக்குத எண்ணம் எனக்கு இல்ல. ஆனா வாட்சோட ஒரு காகிதம் இருக்குதது நல்லதுதானே.

மே மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை ரெண்டு பேரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். ஜெசிந்தா ஊளி மீன் வாங்கிக் குழம்பு வச்சா. சாப்பிட்டு முடிச்சு எல்லாரும் உக்காந்திருக்கும்போது நான் டைப் அடிச்ச கடுதாசிய எடுத்துட்டு வந்தேன். இங்கிலீஷ்ல இருக்குததத் தமிழ்ல சொல்லிக் காமிச்சேன். இன்னாசி தரையப் பாத்துக்கிட்டு இருந்தான். "இதுல ஒரு கையெழுத்து, அப்புறம் தொபியாஸ் போட்டோ ஒண்ணு, பாஸ்போர்ட் சைஸ் இருந்தாலும் போதும்"னேன்.

சலேத்துக்குத்தான் கண்ணு கலங்கிட்டு. அவளுக்கு வாட்ச் நின்னது தெரியும், எப்படின்னு யாரும் சொல்லல போல. "புதுசா சீல் மாத்தினதுதான அத்தான், எப்படித் தண்ணி போச்சு"ன்னு கேட்டா. இன்னாசிகிட்டத் திரும்பி, "யாருகிட்டக் குடுத்து மாத்தினீங்க"ன்னா.

அவன் வாயே திறக்கல. ஒரு ஆளு கேள்வி கேட்டா பதில் சொல்லணும்ல? எனக்கு இந்த மாதிரி உம்முன்னு இருக்கவங்களக் கண்டாலே ஆகாது. "அட, என்கிட்டதான்மா குடுத்தான்"னு நானே சொன்னேன். "மெட்ராஸ் அனுப்பினா லேட்டாகும்னு நம்ம மார்க்கெட்லயே குடுத்து வாங்கினேன். அவன் என்னத்தச் செஞ்சான்னு யாரு கண்டா."

ஜெசிந்தா அப்ப கையில தண்ணிச் செம்பு வச்சிருந்தா. கீழ வச்சா.

"மெட்ராஸ்லேருந்து வந்துட்டுன்னுல்லா சொன்னீங்க."

"எப்ப?"

"என்கிட்டச் சொன்னீங்க. நீங்கதான் குடுத்து விட்டீங்க. மெட்ராஸ்ல சீல் மாத்தி வந்துட்டுன்னு சொல்லி, நான்தான் அவங்க வீட்ல கொண்டு குடுத்தேன். தொபியாஸ் அண்ணன் வாசல்ல நின்னாங்க. அவங்க கையிலதான் குடுத்தேன்."

இருபத்தேழு வருஷம் ஆச்சுங்க. இதெல்லாம் ஒரு பொம்பளைக்கு எப்படி ஞாபகம் இருக்கு? எனக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்ல. சொல்லிருக்கலாம். ஆபீஸ்ல ஆயிரம் பேருக்கு ஆயிரம் சொல்லுவோம், வந்துட்டு, போயிட்டு, கஸ்டம்ஸ்ல இருக்குன்னு. அது ஒரு பேச்சு.

"இன்னாசி, உனக்குத் தெரியுமா"ன்னு கேட்டா ஜெசிந்தா.

இன்னாசி சொன்னான். "அப்புறமா நான் பிரிச்சேம்லா மதினி. பழைய ரப்பர்தான் இருந்துது. வெடிச்சிருந்துது."

"ஏன் சொல்லல?"

"சொல்லி என்ன செய்ய. நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி."

சலேத் எந்திரிச்சு எச்சித் தட்டையெல்லாம் அடுக்கினா, கழுவி வச்சா, பைய எடுத்தா. நான் பெருந்தன்மையா வாட்சக் கழட்டி நீட்டினேன். "இந்தாப்பா, உனக்கு மனசு சங்கடம்னா எடுத்துக்கோ"ன்னேன். இன்னாசி வாங்கல. கடுதாசிய மட்டும் எடுத்தான். நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சான், கையெழுத்துப் போடாம.

"அது உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணாச்சி. இனி எங்க வீட்டுக்கு வேண்டாம்"னான்.

கடைசியில பாருங்க, நான் கேட்டதுதான் நடந்துது. இத மொதல்லயே குடுத்திருந்தா எவ்வளவு பேச்சு மிச்சம்.

ஜெசிந்தா மறுநாள் தங்கச்சி வீட்டுக்குப் போனா. முழங்கால் வலிக்குக் கடல் காத்து நல்லதாம். ரெண்டு மாசமா அங்கதான் இருக்கா. எங்க வீட்லேருந்தும் கடல் ஒரு கிலோமீட்டர்தான், அந்தக் காத்து எங்களுக்கு வராதா? பொம்பளைங்களுக்கு வயசானா இப்படி ஏதாவது ஒண்ணு. போன வாரம் போயிருந்தேன். வாசல்ல வச்சே பேசினா. "சாப்பிட்டீங்களா"ன்னா. சாப்பிட்டேன்னேன். "சரி"ன்னா. உள்ள புட்டு வாசம் வந்துது. என்னைய உக்காரச் சொல்லல. நானும் உக்காரணும்னு போகல.

அந்தக் குழுவுல போட்டதையும் எடுத்துட்டேன். ஒரு ஜெர்மன்காரன் விடாமக் கேக்கான், முங்குததுக்கு முந்தி சீல் கடைசியா எப்ப மாத்தினது, யாரு மாத்தினதுன்னு. அவனுக்கு என்னத்துக்கு அது? வாட்சப் பாத்தமா போனமான்னு இல்லாம. இவனுங்க எல்லாம் வேலை இல்லாதவனுங்க. நான் குழுவிலேருந்தே வெளிய வந்துட்டேன். பல் டாக்டர் மட்டும் போன் பண்ணினார். எடுக்கல.

இப்ப இதக் கட்டினா மணிக்கட்டு அரிக்குது. வார் மாத்திப் பாத்தேன், அப்பவும் அரிக்குது. ராசியில்லாத தோலு போலன்னு விட்டுட்டு, சரி, கம்பெனியிலயே குடுத்துப் பாப்போம்னு ராத்திரி ரயிலப் புடிச்சு வந்தேன். காலையில குடுத்தேன், பிரிச்சுப் பாத்துட்டு...

முப்பத்தாறு. என்னையத்தான். இருங்க, வாரேன். பைய கொஞ்சம் பாத்துக்கிடுங்க.

*

ஒண்ணும் இல்ல, நெரப்ப ஒரு பாரம் குடுத்திருக்கா கவுண்டர்ல இருக்க பொண்ணு. ரெண்டு வழி இருக்காம். ஒண்ணு, டயல், முள்ளு, கண்ணாடி, சீல் எல்லாத்தையும் கழட்டிட்டுப் புதுசு போட்டுத் தருவாங்களாம். வெளிய பழசு, உள்ள புதுசு. தண்ணிக்குக் கேரண்டி உண்டு. இல்லன்னா டயல இப்படியே விட்டு மெஷின மட்டும் துடைச்சுத் தருவாங்க, கேரண்டி கெடையாது. "சார், இந்த டயல மாத்தாதீங்க, வெளிய இதுக்குத்தான் மதிப்பு"ங்கா. எனக்கே சொல்லித் தாரா. அதெல்லாம் எனக்குத் தெரியும்மான்னேன்.

பேனா வச்சிருக்கீங்களா? மூக்குக் கண்ணாடிய ஊர்ல மறந்து வச்சிட்டேன், பொடி எழுத்துத் தெரியல. ஜெசிந்தா இருந்தா எடுத்து வச்சிருப்பா. நீங்களே போட்டுருங்க. அந்த மொதக் கட்டத்துல ஒரு டிக். புது டயலுங்குததுலதான். ஏன் அப்படிப் பாக்கீங்க? கறை கறையா இருக்குததக் கையில கட்டிக்கிட்டு எத்தன நாளைக்குத் திரியுதது. பழசு பழசுன்னு கெடக்குததெல்லாம் கிறுக்கு, அந்தப் பல் டாக்டர் மாதிரி ஆளுங்களுக்கு. போடுங்க.

கீழ இன்னொண்ணு இருக்கா? படிங்க. "கழற்றிய பழைய பாகங்கள் வேண்டும், வேண்டாம்." வேண்டாம்னு போடுங்க.

போட்டுட்டீங்களா? இல்ல, அத அடிச்சிருங்க. வேணும்னு போடுங்க. இவங்க குப்பையில போட்டா எவனாவது பொறுக்கிட்டுப் போயி வித்துருவான், நம்ப முடியாது. ஒரு சின்னக் கவர்ல போட்டுத் தரச் சொல்லணும். அத யாருகிட்டக் குடுக்கன்னு அப்புறம் பாத்துக்கிடலாம்.

கையெழுத்து நான் போடுதேன். எங்க, அந்தக் கோட்டுல விரல வச்சுக் காட்டுங்க. பேப்பரக் கொஞ்சம் அழுத்திப் புடிங்க, ஆடுது. ஏசிய ரொம்ப வச்சிருக்காங்க இங்க.